சுபஹு பாங்கும் ஸ்ரான்லி மாஸ்டரின் வெளிச்சமும்

வேதம் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேதம் வாசிக்காதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு பகுதியாரோடும் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் இவர்களுக்கு நடுவில், மனத்தை வேதத்திலும் உடம்பைப் போர்வைக்குள்ளும் வைத்துக்கொண்டு, ஓர் இனம் வாழ்ந்து வருகிறது. நாளை விடிய எழும்பி ஒழுங்காக வேதம் வாசிக்கப் போகிறவர்கள் என்று இவர்களுக்குப் பெயர். இன்றைக்கு அல்ல. நாளைக்கு.

இந்த இனத்தாரை அடையாளம் காண்பது சுலபம். வேதம் வாசிக்கிறவரிடம் ஒரு வேதப்புத்தகம்தான் இருக்கும். இவரிடமோ தகப்பனார் விட்டுப்போன கறுப்பு மட்டைப் புத்தகம், எழுத்துப் பெரிதாக இருந்தால் வாசிக்கலாம் என்று வாங்கிய பெரிய எழுத்துப் புத்தகம், பயணத்தில் வாசிக்கலாம் என்று வாங்கிய சிறிய எழுத்துப் புத்தகம், இழுத்து மூடுகிற சிப் வைத்த தோல் உறைக்குள் கிடக்கிற தங்க விளிம்புப் புத்தகம், போதாததற்குத் தொலைபேசியில் ஒரு செயலி என்று வரிசையாக இருக்கும். அந்தச் செயலி காலைதோறும் ஒரு வசனத்தைப் பூப்படத்தோடு அனுப்பும். இவர் அதை வாசிக்க மாட்டார். ஆனால் சபைக் குழு, குடும்பக் குழு, கனடாவில் இருக்கிற மைத்துனர் என்று ஒருவரையும் விடாமல் அனுப்பி வைப்பார். நித்திரையிலிருந்து கட்டை விரல் மட்டும் எழும்பிச் செய்கிற ஊழியம் அது.

சரி, வாசிக்கத் தொடங்குவதுதானே என்று கேட்பீர்கள். அவசரப்படலாமா? எங்கிருந்து தொடங்குவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டாமா? ஆதியாகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்தில் மூச்சு வாங்கும். மத்தேயுவில் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே வம்ச வரலாறு வந்து வாசலை மறிக்கும். சங்கீதம் நோயில் படுத்த வருத்தக்காரருக்கு வாசிப்பது என்று ஓர் எண்ணம். பிறகு, வசனங்களுக்கு நிறம் தீட்டுகிற வேலை வேறு கிடக்கிறது. வாக்குத்தத்தத்துக்கு மஞ்சள், கட்டளைக்குச் சிவப்பு, ஜெபத்துக்கு நீலம். பச்சை எதற்கு? அது முடிவாகாமல் எப்படி வாசிப்பது?

இவ்வளவு விவரமும் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்காமல் இருப்பது நல்லது.

இந்த இனத்தின் பூரணமான மாதிரியாக, கல்முனையில் எங்கள் தெருவில் வாழ்கிறவர் ஸ்ரான்லி மாஸ்டர். மெதடிஸ்த சபைக்காரர். கணித ஆசிரியராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் பாடசாலை வாசலில் பிரம்போடு நின்று, பிந்தி வருகிற பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தி வைப்பது அவருடைய காலை ஆராதனை. கல்முனையில் இன்றைக்குக் கடை வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேருடைய முழங்கால் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவருக்குத் தன்னை மட்டும் எழுப்பத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற அன்றே அவர் மனைவி யூஜினியிடம் சபதம் செய்தார்.

"இனிச் சாட்டுச் சொல்ல ஏலாது. விடியச் சுபஹு பாங்கோட எழும்பி, ஒரு அதிகாரம் வாசிச்சிற்றுத்தான் தேத்தண்ணி."

யூஜினி சொறிக்கல்முனையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கலியாணத்தோடு மெதடிஸ்தராக மாறினாலும் செபமாலையை மட்டும் விட்டுவிடாமல் கையோடு கொண்டு வந்தவர். அடுப்பில் கறி கொதிக்கிற நேரத்துக்குள் ஒருவருக்கும் தெரியாமல் செபத்தைச் சொல்லி முடித்துவிடுவார். அதற்கு உறையும் இல்லை, நிறமும் இல்லை.

"அப்ப தேத்தண்ணிய விட்டிற்றீங்க எண்டு சொல்லுங்க" என்றார் யூஜினி.

பாங்கோடு எழும்புவது என்ற யோசனையில் புத்தி இல்லாமல் இல்லை. மணிக்கூட்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் அது வாயை மூடிவிடும். பாங்கை அப்படித் தட்ட முடியாது. ஆனால் மாஸ்டர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் தெருவுக்குக் கேட்கிற தூரத்தில் நான்கு பள்ளிவாசல்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே மூச்சில் தொடங்குவதில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து முதலாவது வரும். இது சும்மா அறிவித்தல் என்று மாஸ்டர் மறுபக்கம் திரும்பிப் படுப்பார். சந்தைப் பக்கத்திலிருந்து இரண்டாவது வரும். அதற்கு ஒரு கண்ணைத் திறப்பார். மூன்றாவதுக்கு, நான்காவதோடு கட்டாயம் எழும்புவது என்று உறுதி எடுப்பார். நான்காவது பாங்கு உண்மையில் சொல்லப்படுகிறதா இல்லையா என்பது மாஸ்டருக்கு அந்த நாட்களில் தெரியவே தெரியாது.

தொழுகிறவர்களை எழுப்புவதற்காகச் சொல்கிற பாங்கை, கொஞ்சம் பொறுத்து எழும்பலாம் என்று தவணை சொல்கிற மணியாக மாற்றிய ஒரே வேதக்காரர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

கணித ஆசிரியர் அல்லவா? தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் உபகரணத்தைத் தேடினார். பிரதான வீதியில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிற ஸஜாத், நேரம் குறித்து வைத்தால் தானாகவே விளக்கைப் போட்டு, குறித்த நேரத்தில் தானாகவே அணைக்கிற சுவிட்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மாஸ்டர் அதை ஜன்னலோர வாசிப்பு மேசை விளக்குக்குப் பூட்டினார். முதற் பாங்குக்குச் சற்று முன்னால் விளக்கு எரியும். வெளிச்சம் கண்ணில் பட எழும்பிவிடலாம். முதல் நாள் விளக்கு எரிந்தது. மாஸ்டர் வெளிச்சம் படாத பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அதன் பிறகு விளக்கு ஒரு நாளும் பிந்தவில்லை. மாஸ்டர் ஒரு நாளும் எழும்பவில்லை.

இத்தோடு விஷயம் நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஜன்னலுக்கு எதிரே முகைதீன்பாவாவின் வீடு இருந்தது.

முகைதீன்பாவா புடைவைக் கடை முதலாளி. ஒரு நாள் மீன் கடையில், மாஸ்டர் பாரைக்குட்டியின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம், வந்து தோளில் கை வைத்தார்.

"மாஸ்டர், உங்களுக்கிட்ட ஒரு கத சொல்லணும். இப்ப கொஞ்ச காலமா நான் பள்ளியில சுபஹு ஜமாஅத்துத் தொழுகைக்குத் தவறுறல்ல. என்ன காரணம் தெரியுமா? உங்கட ஊட்டு லைற்றுதான்."

"என்ட வீட்டு லைற்றா?"

"ஓம் மாஸ்டர். முந்தி பாங்கு கேட்டாலும் படுத்துத்தான் கிடப்பன். ஒரு நாள் ஜன்னலால பாக்கன், உங்கட மேசையில லைற் எரியிது. வேதக்காரர் மனிசன் இந்த நேரத்துக்கு எழும்பி ஓதக்குள்ள, பள்ளியப் பக்கத்தில வெச்சிக்கிட்டு நான் நித்திர கொள்ளுறனே எண்டு வெக்கமாப் போச்சி. இப்ப மகன் றாஸிக்கையும் உங்கட லைற்றக் காட்டித்தான் எழுப்புற. அவன் போர்வய இழுத்தா, 'எதிர் ஊட்டப் பாருடா, உன்ட சேர் ஓதுறார்' எண்டு சொல்லுவன். வெக்கத்தில எழும்பிருவான்."

அந்த இடத்தில் 'இல்ல பாவா, அது சுவிட்ச்' என்று மாஸ்டர் சொல்லியிருக்கலாம். நான்கே சொற்கள். மீன்காரரும் சிரித்திருப்பார், முகைதீன்பாவாவும் சிரித்திருப்பார், பாரைக்குட்டியோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். மாஸ்டர் என்ன செய்தார்? தலையைச் சற்றுச் சரித்தார். கண்ணைப் பாதி மூடினார்.

"ஏதோ, கர்த்தர்ர கிருபை" என்றார்.

கவனியுங்கள், பொய் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இந்த இனத்தின் கெட்டித்தனம்.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு நிம்மதி போயிற்று. றாஸிக் அவரிடம் படித்தவன், வாசலில் அடிக்கடி முழங்காலில் நின்றவன், இப்போது தகப்பனின் கடையைப் பார்க்கிறவன். அந்தப் பெடியன் தொழப் போவதும் போகாததும் தன் மேசையில் எரிகிற ஒரு மின்குமிழை நம்பி இருக்கிறது என்பது மாஸ்டரை உண்மையாகவே உறுத்தியது. நாளைக்குக் கட்டாயம் எழும்பிவிட வேண்டும் என்று நினைத்தார். நாளைக்கு.

இந்த நிலைமையில் சபைப் போதகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"மாஸ்டர், வாற ஞாயிறு வேதாகம ஞாயிறு. தினசரி வேத வாசிப்பப் பற்றி நீங்கதான் சாட்சி சொல்லணும். முகைதீன்பாவாட கடையில திரைச்சீலைக்குத் துணி எடுக்கக்குள்ள எல்லாம் சொன்னார். எங்கட சபையில இப்பிடி ஒராள் இருக்கிறத ஒரு முஸ்லிம் மனிசன் சொல்லித்தான் எனக்கே தெரியவேண்டிக் கிடக்கு."

யூஜினி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினார்.

மாஸ்டர் முயலாமல் இல்லை. அடுத்த நாள், பாங்கெல்லாம் ஓய்ந்த பிறகு, எழும்பியும் விட்டார். மேசைக்கு வந்தார். கண்ணாடி இல்லை. கண்ணாடி தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருந்தது. அதை எடுக்கப் போனவருடைய கை ரிமோட்டில் பட்டது. நேற்றுக் கிரிக்கெட் என்ன ஆனது என்று ஒரே ஒரு நிமிடம் பார்க்கலாமே என்று நினைத்தார். விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, வாசிப்பதைவிடச் சாட்சியைத் தயாரிப்பது அவசரமானது என்று தீர்மானித்து, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினார்.

"விடியற்காலையின் அந்த அமைதியிலே…"

"விடியக்காலையில என்ன அமைதி?" என்றார் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த யூஜினி. "நாலு பள்ளிப் பாங்கு, எதிர்வீட்டுச் சேவல், உங்கட குறட்ட. நீங்க ஒரு நாளாவது எழும்பிக் கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்."

புதன்கிழமை பின்னேரம் எங்கள் பகுதியில் ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றது. எல்லோரும் வெளியே வந்து விசிறிக்கொண்டு நின்றோம். மின்சாரம் வந்தது, உள்ளே போனோம். மின்சாரம் நின்றிருந்த அந்த ஒரு மணி நேரமும் மேசைச் சுவிட்சுக்குள் இருந்த மணிக்கூடும் ஓடாமல் நின்றது என்பதைக் கணித ஆசிரியர் யோசிக்கவில்லை.

வியாழன் விடிய, பாங்கு சொன்ன நேரத்தில், ஜன்னல் இருட்டாக இருந்தது.

முகைதீன்பாவா தொழப் போகும்போது பார்த்தார். தொழுதுவிட்டுத் திரும்பும்போதும் பார்த்தார். அப்போதும் இருட்டு. மாரடைப்போ, விழுந்து கிடக்கிறாரோ என்று மனிதர் பதறிப்போனார். றாஸிக்கை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"மாஸ்டர்! மாஸ்டர்! என்ன, சுகமில்லயா?"

மாஸ்டர் இடுப்புச் சாரனை இறுக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். கன்னத்தில் பாயின் கோடுகள் அச்சடித்தாற்போல் இருந்தன. வாசலில் தொப்பியோடு தகப்பனும் மகனும். விஷயம் விளங்க அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும், இவ்வளவு நாளும் பொய் சொல்லாமல் காத்து வந்த வாய் அன்றைக்குத் தவறிவிட்டது.

"ஒண்டுமில்ல பாவா. இண்டைக்கு வெள்ளன வாசிச்சு முடிச்சிற்றன். அதுதான் லைற்ற நிப்பாட்டின."

டக் என்று ஒரு சத்தம் கேட்டது. மேசையில் விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் மூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள். யூஜினி இரவு பாதி ஆய்ந்துவிட்டு வைத்த முருங்கையிலைச் சுளகு அங்கே இருந்தது. சுளகுக்குக் கீழே, சிப் திறக்காத தோல் உறைக்குள், வேதப்புத்தகம் இருந்தது.

றாஸிக்தான் முதலில் வாய் திறந்தான்.

"சேர், நீங்க எழும்ப முந்தியே லைற் எழும்பிரிச்சி."

முகைதீன்பாவா சிரிக்கவில்லை. விளக்கைப் பார்த்தார். மாஸ்டரின் கன்னத்தைப் பார்த்தார்.

"லைற் நல்லா ஓதுது, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கேற்றைத் தாண்டும்போது றாஸிக் கேட்டது மாஸ்டரின் காதில் நன்றாகவே விழுந்தது. "வாப்பா, நானும் ஒரு சுவிட்ச் வாங்கட்டா? நாளைக்கு என்ன எழுப்பாதீங்க." தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டார். மாஸ்டருக்கு அந்தக் குனிந்த தலைதான் பொறுக்க முடியாததாக இருந்தது. மகனின் சிரிப்பை அவர் மன்னித்தார், அது அவன் முழங்காலுக்கு வந்து சேர வேண்டிய பாக்கி. ஆனால் ஒரு தகப்பனின் வார்த்தையை மகனுக்கு முன்னால் செல்லாமல் ஆக்கிவிட்டோமே என்று அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. சுவிட்சைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டார்.

"நாளைக்கு நீ எழுப்பிவிடு" என்றார் யூஜினியிடம்.

"முப்பது வருஷமா எழுப்பிற்றன். என்ட பங்கு முடிஞ்சிது."

வெள்ளி விடிய முதற் பாங்கு சொன்னார்கள். மாஸ்டர் வழக்கம்போல் மறுபக்கம் திரும்பினார். அந்த நேரம் இரும்புக் கேற்றில் மோட்டார்சைக்கிள் சாவியால் யாரோ படபடவென்று அடித்தார்கள்.

"சேர்! கேற்றடிக்கு வாங்க சேர்! பிந்தினா முழங்கால்ல நிக்கணும்!"

றாஸிக்! அவன் தொப்பி போட்டு, தொழுகைக்கு உளூ செய்து கழுவிய முகம் துடைக்காமல், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பாங்குக்கு முன்னால் எழும்பி வந்து நின்றான். எத்தனையோ வருடமாக மனத்தில் வைத்திருந்த ஆசை அல்லவா? பிரம்பு ஒன்றுதான் குறை. மாஸ்டர் தள்ளாடிக்கொண்டு வாசலுக்கு வர, பின்னால் முகைதீன்பாவா கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தார்.

"இண்டைக்கு இவன்தான் என்ன எழுப்பினான், மாஸ்டர்" என்றார். முகம் கடுமையாகத்தான் இருந்தது. உதடு மட்டும் கொஞ்சம் சிரித்தது. "நாங்க திரும்பி வரக்குள்ளயும் பாப்பம். மேசையில ஆள் இரிக்கணும்."

மாஸ்டர் விளக்கைத் தன் கையால் போட்டு, மேசையில் மறுபடியும் வந்திருந்த சுளகைத் தூக்கிக் கீழே வைத்தார். சிப்பைத் திறந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க நேரம் இல்லை, இரண்டு பேர் திரும்பி வரப் போகிறார்கள். தங்க விளிம்புத் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. விரலால் பிரித்த இடத்தில் மாற்கு அகப்பட்டது. ஆண்டவர் துக்கத்தோடு தோட்டத்தில் ஜெபம் பண்ணுகிறார். கூட வந்த பேதுரு முதலான சீடர்களைச் சற்று நேரம் விழித்திருக்கச் சொல்கிறார். திரும்பி வந்து பார்க்கிறார், தூங்குகிறார்கள். மறுபடியும் வந்து பார்க்கிறார், தூங்குகிறார்கள். மூன்றாம் தரமும் அப்படித்தான். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூறு தடவை பிரசங்கத்தில் கேட்ட கதை. பேதுருவும் நம்முடைய ஆள்தான் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லையே! சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. எழுப்புவதற்கு மூன்று தரமும் அலுக்காமல் வந்தாரே என்று நினைத்து, அந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பச்சை நிறம் எதற்கு என்பது அவருடைய நினைவிலேயே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், விடியற்காலையின் அமைதி பற்றிய பேச்சைச் சட்டைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு மாஸ்டர் எழுந்து நின்றார்.

"என்ட வீட்டில இவ்வளவு மாசமும் வேதம் வாசிச்சது மேசை லைற். நேரம் குறிச்ச சுவிட்ச் ஒண்டு அதத் தானாப் போடும், புதன்கிழம கரன்ட் போனதில அது பிந்தி நான் பிடிபட்டுப்போனன். நான் வெள்ளிக்கிழமைதான் தொடங்கின. என்ன எழுப்புறது முகைதீன்பாவாட மகன் றாஸிக். எனக்காக மட்டுமில்ல, அவனுக்காகவும் ஜெபம் பண்ணுங்க. அவன் நித்திர கொண்டா நானும் கொண்டிருவன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு பீடம் வரைக்கும் வந்தது. யூஜினி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் மாஸ்டர் வசவுக்கோ புத்திமதிக்கோ தயாராக வாசலில் நின்றார். முதலில் வந்தவர் சபைப் பொருளாளர் அழகரெத்தினம். மாஸ்டரின் முழங்கையைப் பிடித்து மதிலோரம் கூட்டிக்கொண்டு போய், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மாஸ்டர், அந்த சுவிட்ச எங்க வாங்கின?"

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் ஒன்றும் தெரியாதவர்களைப்போல் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியாகப் போதகர் வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல சாட்சி என்றார். கையை விடாமல் குரலைத் தாழ்த்தினார்.

"கரன்ட் போனாலும் நேரம் பிந்தாத சாதி ஏதும் இரிக்கா எண்டு கேட்டுச் சொல்லுங்களன்."

அடுத்த கிழமை வேறு எதற்கோ ஸஜாத்தின் கடைக்குப் போயிருந்தேன். அந்தச் சுவிட்ச் முடிந்துவிட்டதாம். "உங்கட ஆக்கள் மட்டுமில்ல, எங்கட ஆக்களும் வாங்கினாங்க" என்றான். யார் யார் என்று சொல்ல மறுத்துவிட்டான். வியாபாரத்தில் அதெல்லாம் சொல்லக்கூடாதாம். "உங்களுக்கும் ஒண்டு எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டான். எதற்காக என்னைப் பார்த்து அப்படிக் கேட்டான் என்று விளங்கவில்லை.

இப்போது எங்கள் பகுதியில் விடியற்காலையில் பார்த்தால் ஜன்னலுக்கு ஜன்னல் வெளிச்சம். எந்த வெளிச்சத்துக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார், எதற்குப் பின்னால் முருங்கையிலை இருக்கிறது என்பது தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. றாஸிக்குக்கு மட்டும் எப்படியோ தெரிகிறது. ஸ்ரான்லி மாஸ்டர் ஒழுங்காக எழும்பத் தொடங்கியதிலிருந்து பையனுக்கு வேலை குறைந்துவிட்டது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற வீடுகளின் கேற்றுகளைப் பார்த்துக்கொண்டு போகிறான்.

நீங்கள் இதையெல்லாம் வாசித்துச் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். படுத்துக்கொண்டுதானே வாசிக்கிறீர்கள்? பக்கத்தில் ஏதோ ஒரு புத்தகம், அல்லது நடைக்கென்று வாங்கிய சப்பாத்து, நாளை விடியட்டும் என்று காத்திருக்கிறதுதானே? உங்கள் வீட்டு வெளிச்சமும் தெருவுக்கு நன்றாகத் தெரிகிறது. கேற்றில் சாவிச் சத்தம் கேட்டால் உடனே எழும்பி வந்துவிடுங்கள். பிந்தினால் முழங்காலில் நிற்க வேண்டும்.